ரத்தக் குப்பியில் எழுதின விலாசம்

எங்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு விலாசம் உண்டு. ஒன்று குடியிருக்கிற விலாசம், மற்றது தேவைக்கு எடுத்து நீட்டுகிற விலாசம். எனக்கு வீடு வெள்ளறடைக்கு மேலே, கேரளத்தில். பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு முழித்தால் தமிழ்நாடு. அக்காவைக் கட்டிக் கொடுத்தது அந்தப் பக்கம், களியக்காவிளையும் தாண்டி. அவள் வீட்டுக் கதவு எண் வரைக்கும் எனக்கு மனப்பாடம். என் வீட்டு எண் அவளுக்கு மனப்பாடம். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் விலாசம் சொல்வோம், அவள் இந்தப் பக்கம் வந்தால் என் விலாசம் சொல்வாள். பாறசாலை முதல் மலையடிவாரம் வரைக்கும் எல்லாரும் இப்படித்தான். இதில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறதென்று யாரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளமாக்கும். மீன்காரர் முதல் ஹெட்மாஸ்டர் வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. "டீச்சருக்க வாயில விழாதே" என்று ஊரில் சொல்வார்கள். அது என் காதுக்கு வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் நூறு மூடு ரப்பர் மரம் நிற்கிறது. என் வீட்டுக்காரர்தான் பால் வெட்டுவார். ஒவ்வொரு மரத்திலும் ஒரு கம்பி வளையம், அதில் பால் விழ ஒரு தேங்காய்ச் சிரட்டை. இப்போது பாதிக்குமேல் பிளாஸ்டிக் கிண்ணம்தான், ஆனாலும் நாங்கள் சிரட்டை என்றே சொல்வோம். மழைக்கு முன்னால் மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கட்டினால் மழையிலும் வெட்டலாம். கட்டாவிட்டால் வெட்டு நின்றுவிடும்; சிரட்டையை எல்லாம் கம்பியிலேயே வாய் கீழாகக் கமத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிக் கெட்டி நிற்கும். அந்த வருஷம் பிளாஸ்டிக் கட்ட ஆள் கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்கு முட்டுவலி. நூறு சிரட்டையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

எங்கள் வார்டில் வீடு வீடாக வந்து காய்ச்சல் உண்டா, தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்கிற பெண் ஒருத்தி உண்டு. ஆஷா என்று கூப்பிடுவோம், அது அந்த வேலைக்குள்ள பேர். அவள் வந்தாள்.

"டீச்சரே, ரப்பர்ல சிரட்டை எல்லாம் நெறஞ்சு கெடக்கு. ஒண்ணு கமத்தி வச்சா போதும். இது பகல்ல கடிக்குத கொசுவாக்கும், டெங்கு வரும்."

"நான் பள்ளிக்கூடம் போவேனா, மரம் மரமா சுத்துவேனா? ஒனக்குத்தான் வேற ஜோலி இல்ல."

"அப்ப நான் போயி கமத்தட்டா?"

"எனக்க தோட்டத்துக்குள்ள கால் வச்சுப் பாரு, அப்ப தெரியும்."

அவள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள். மறுவாரம் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். மூன்றாவது தடவை எனக்குக் கோபம் பிடரியில் கேறிவிட்டது. கேட்டில் நின்றுகொண்டு, "இனி இதச் சொல்லீட்டு இந்தப் படி ஏறாதே, ஆமா!" என்று தெருவுக்குக் கேட்கக் கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். புருஷன் கல்ஃபில், வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். அவளுக்கு எட்டாம் மாசம். நான் கத்தினதைக் கேட்டு, தலையைக் குனிந்தபடி பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

இதிலே கேவலம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தண்ணீர் கெட்டி நிற்கிற டப்பா, டயர், தொட்டி எல்லாவற்றையும் கொட்ட வைக்கிற டீச்சரும் நானேதான்.

பத்து நாள் போயிருக்கும். வீட்டுக்காரர் காலையில் எழுந்திருக்கவில்லை. "கண்ணுக்குப் பொறத்தால ஆரோ குத்துதது மாதிரி இருக்கு" என்றார். உடம்பு கொதித்தது. எனக்கு அந்த நிமிஷமே மனசிலாகிவிட்டது. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் மறுநாள் தோட்டத்துக்கு ஆள் வரும். முன்னால் அந்த ஆஷா வருவாள். என் சிரட்டையைத் தூக்கி எனக்கே காட்டுவாள். அந்த நாணக்கேடு என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. "அந்தப் பக்கம் போவோம், அங்க கூட்டம் கொறவு" என்றேன். "எங்கயாவது கொண்டு போ, தலை வெடிக்குது" என்றார் அவர்.

சீட்டு எழுதுகிற இடத்தில் எந்த ஊர் என்று கேட்டார்கள். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அக்கா விலாசத்தைச் சொன்னேன். போன் நம்பர் மட்டும் என்னுடையது, ஏனென்றால் அக்கா போனை எடுக்கவே மாட்டாள். ரத்தம் எடுத்தார்கள். குப்பியில் ஒட்டின தாளில் அக்கா ஊரின் பெயரை எழுதினார்கள். நான் எட்டிப் பார்த்து, எழுத்துப் பிழை இல்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். டீச்சர் புத்தி!

டெங்குதான். நாலு நாள் கிடந்து எழுந்துவிட்டார். கஞ்சியும் பயறும் கேட்டுச் சாப்பிட்டார். அன்றைக்கு அதிசயமாக அக்காவே போன் பண்ணினாள்.

"எடியே, என்னத்தச் சொல்லிக் குடுத்த ஆஸ்பத்திரியில? ஆறு பேரு வந்து வீட்டத் தலைகீழாப் போட்டாவ! ஃப்ரிட்ஜுக்குப் பொறத்தால பாத்தாவ, ஆட்டுக்குத் தண்ணி வைக்குத சட்டி வரை பாத்தாவ. ஒரு புழு இல்ல. புகை அடிச்சதுல எனக்க மாப்பிள இருமீட்டு இருக்காரு."

நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, மெதுவான பெண் குரல்.

"வணக்கம்மா, ரத்தம் சோதிச்ச லேப்ல இருந்து பேசுதேன். சாருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"கொள்ளாம், எந்திச்சு நடமாடுதாரு."

"சார் என்ன வேலை பாக்குதாரு? காலையில எந்திச்சா எங்க போவாரு? கடைசி ரெண்டு வாரம் எந்த வீட்டுல படுத்தாரு?"

"வேலை ஒண்ணும் இல்ல. அந்த விலாசத்துலதான் இருந்தாரு. எங்கயும் போவல்ல."

"சரிம்மா. உடம்பப் பாத்துக்கிட சொல்லுங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். லேப்காரிக்கு இதில் என்ன காரியம், ரத்தம் பார்த்தோமா சீட்டு அடித்தோமா என்று இருக்க வேண்டியதுதானே என்று பக்கத்திலிருந்த கணக்கு டீச்சரிடம் பொரிந்து தள்ளினேன். லேப் என்றால் சர்க்கரை எவ்வளவு என்று சொல்கிற இடம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஐந்து நாள் கழித்து, பள்ளி விட்டு மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடியும் அதே குரல்.

"அம்மா, ஒரு காரியம் சொல்லுதேன், கோவப்படாதீங்க. டெங்கு வைரஸ் நாலு வகை உண்டு. வாற ரத்தத்துல கொஞ்சத்த மட்டும் எடுத்து என்ன வகைண்ணு பாப்போம், எந்த ஊருல எது ஓடுதுண்ணு தெரியணும்லா. உங்க சாருக்க ரத்தமும் அதுல உண்டு. நீங்க தந்த விலாசத்துக்குச் சுத்துவட்டாரத்துல இந்த மழைக்கு நாங்க பாத்தது எல்லாம் ஒரே வகை. சாருக்கு வந்தது மட்டும் வேற. கேரளத்துல உள்ள லேப்ல கூப்பிட்டுக் கேட்டேன். வெள்ளறடைப் பக்கம் ரெண்டு பேருக்கு இதே வகை வந்திருக்காம்."

என் பஸ் வந்தது, நின்றது, போனது. இனி 'பொய் சொன்னீங்கல்லா' என்று கேட்பாள், கேட்டால் என்ன திருப்பிக் கொடுக்கலாம் என்று என் நாக்கு தயாராகிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்கவே இல்லை.

"உங்களுக்கு அந்தப் பக்கம் வீடு உண்டுண்ணா, அங்க அக்கம்பக்கத்துல முந்தி டெங்கு வந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா? மாசமா இருக்கப்பட்டவங்க? முந்தி ஒரு வகை வந்து, இப்ப வேற வகை வந்தா சில பேருக்குக் கடுமையா ஆயிரும். அதுக்காக்கும் கேக்குதேன்."

அடுத்த வீட்டு மருமகளுக்குக் கல்யாணம் முடிந்த வருஷமே டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கஞ்சி கொண்டு கொடுத்தவள் நான். இப்போது எட்டு மாச வயிற்றோடு என் ரப்பரை ஒட்டி நின்று தினமும் துணி காயப்போடுகிறாள்.

"மக்கா, நான் பொய்யாக்கும் சொன்னேன்" என்றேன். பிறகு அடைத்து வைத்திருந்தது எல்லாம் கொட்டியது. வீடு, வார்டு, நூறு சிரட்டை, ஆஷாவை விரட்டினது, அடுத்த வீட்டுப் பிள்ளை. மழையில் குடையைக்கூட நிமிர்த்திப் பிடிக்காமல் சொன்னேன். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொண்டாள். எழுதினதை எனக்குத் திருப்பி வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டாள்.

"என்னைய ஏசு மக்கா. நல்லா ஏசு" என்றேன்.

"ஏசுததுக்கு நேரம் இல்லம்மா. அஞ்சு மணிக்குக் கேரளத்து லேப்ப அடைச்சிருவாங்க, அதுக்கு முன்ன சொல்லணும்" என்று போனை வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். நான் பயந்தது போலவே முன்னால் ஆஷா. கேட்டுக்கு வெளியே நின்று என் முகத்தைப் பார்த்தாள். படி ஏறாதே என்று சொன்னவள் நானல்லவா.

"கேறி வா பிள்ளே" என்றேன். அவள் என் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள்.

ஒரு சிரட்டையை எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றினார்கள். தலைகீழாகத் தொங்கிக்கொண்டும் நெளிந்துகொண்டும் எத்தனை புழு! படத்தில் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறேன், என் வீட்டுப் புறத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்சத்தை லேப்புக்கு எடுத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய் எல்லாவற்றையும் கமத்தினார்கள். நானும் கூடப் போனேன். வேலி ஓரம் போனபோது ஒருத்தர் சொன்னார், "இஞ்ச ஆறு மரத்துல ஆரோ முன்னாடியே கமத்தி வச்சிருக்கு." வீட்டுக்காரர் செய்திருப்பார் என்று நினைத்தேன். "எனக்க முட்டு மடங்கவே இல்ல, நான் எங்க போனேன்?" என்றார் அவர். சரி, என்னவோ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வீட்டிலும் ஏறி, மருமகளுக்கு உடம்பு சூடானால் ஒரு மணிக்கூறுகூடக் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள் என்று ஆஷா சொல்லிவிட்டுப் போனாள். நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். என்னால்தான் இது என்று போய்ச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு நீளமான வாய், அன்றைக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல்.

எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் முதல் இரண்டு நாள் சுக்குக்காப்பி, மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரி. அவளை முதல் மணிக்கூறிலேயே ஆட்டோவில் ஏற்றி நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனாள் ஆஷா. அங்கே இவள் பெயர் முன்னாலேயே எழுதிவைத்திருந்தார்கள். எட்டு மாசம், முந்தி டெங்கு வந்தவள், எந்த வகை இப்போது சுற்றுகிறது, எல்லாம். ரத்தம் எடுத்து மத்தியானத்துக்குள் டெங்குதான் என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

நான் லீவு போட்டுவிட்டு அந்த வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். தினமும் உட்கார்ந்தேன். மாமியார், "டீச்சருக்கு எத்தன ஸ்நேகம்" என்று அழுதாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. நல்ல காலம் என்று நினைத்தேன். நர்ஸ் சொன்னார்கள், இனிதான் பயப்பட வேண்டும் என்று. ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஒருநாளைக்கு இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பை இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆறாம் நாள்தான் தட்டணு ஏறத் தொடங்கியது. இவளைத் தாமதமாகக் கொண்டுவந்திருந்தால் நாங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருப்போம், இப்போது முன்னால் நின்றோம் என்றார் டாக்டர். நான் வராந்தாவிலேயே இருந்து கேவிக் கேவி அழுதேன்.

அவள் வீட்டுக்கு வந்த வாரம் நான் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி அந்த லேப்பைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிடங்களுக்கெல்லாம் பின்னால், மூன்று அறை. என் மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கனத்த கண்ணாடி. கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவிக்கொண்டே, "டீச்சரா?" என்றாள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

ஐஸ் போட்ட பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. குப்பியைப் பஞ்சில் சுற்றி, அதை இன்னொரு டப்பாவில் அடைத்து, அதையும் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறார்கள். சீட்டு மட்டும் தனியாக ஒரு கவரில், குப்பி ஒழுகினாலும் எழுத்து அழியாமல் இருக்க. பெட்டியைத் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது ரத்தத்தை அல்ல, சீட்டைத்தான். ஒரு சீட்டில் வயசு விட்டுப்போயிருந்தது. உடனே போனை எடுத்துக் கேட்டு எழுதினாள். அப்படி ஒரு பொறுமை எனக்கு முப்பது வருஷத்தில் ஒரு தாளைத் திருத்தும்போதும் வந்ததில்லை.

சுவரில் ஒரு மாவட்டப் படம். அச்சடித்த படம் மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது. அவள் அதன் ஓரத்தில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, எங்கள் ஊர்களைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். பாறசாலை, குளத்தூர், வெள்ளறடை, நடுவில் ரோடு, ஆறு. அந்தப் பென்சில் ஊரில் ஒரு குண்டூசி. என் வீடு! அக்கா ஊரில் ஊசியைப் பிடுங்கின துளை மட்டும் இருந்தது.

"இத ஆரு வரையச் சொன்னது?"

"ஆரும் சொல்லல்ல. கொசு செக்போஸ்டுல நிக்காதுல்லா டீச்சர்."

வகுப்பில் நல்ல பதில் சொன்ன பிள்ளையைக் கட்டிப்பிடிக்கத் தோன்றுமே, அப்படி இருந்தது எனக்கு. "எனக்க மேல ஒனக்குக் கோவம் வரல்லியா?" என்று கேட்டேன்.

"வந்துது. முதல் போன்லயே பொய்யிண்ணு தெரிஞ்சுது. அந்த விலாசத்துலதான், எங்கயும் போவல்லண்ணு சொல்லுதீங்க, பொறத்தால பள்ளிக்கூட மணி அடிக்குது, பிள்ளைக மலையாளத்துல சண்டை போடுது." சிரித்தாள். "அப்பவே ஏசியிருந்தா அடுத்த போன நீங்க எடுத்திருக்க மாட்டீங்க டீச்சர். இந்த எல்லைப் பக்கத்துல நெறையப் பேரு ரெண்டு விலாசம் வச்சிருக்காங்க. பயந்து பேடிச்சுப்போனா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்க. வாயத் திறக்கல்லண்ணா நான் ரத்தத்த மட்டும் வச்சு என்ன செய்ய?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் வாயால் ஊரே அடங்கும் என்று இறுமாந்திருந்தேன். அவள் குரலை உயர்த்தாமலே என்னிடமிருந்து உண்மையை வாங்கிவிட்டாள்.

அடுத்த மாசம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நாற்பது நாள் கழித்து, மாமியார் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து நான் அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. விடவில்லை நான்.

"மோளே, நீ சாகக் கெடந்ததுக்கு நானாக்கும் காரணம். எனக்க சிரட்டையில இருந்துதான் ஒனக்கு வந்துது. அத மறைச்சும் வச்சேன்."

அவள் குழந்தையின் சட்டைக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எனக்கு அறியும் டீச்சரே. சிரட்டையில தண்ணி கெடக்குதத நான் கண்டேன். துணி காயப்போடுத பக்கம் உள்ள ஆறு சிரட்டையும் நானாக்கும் கமத்தினது."

"நீயா?"

"டீச்சர் பள்ளிக்குப் போன பொறவு வேலிக்கெடையில குனிஞ்சு வருவேன். கொசு அப்பிடியே மொய்க்கும். வயித்தையும் வச்சிட்டு ஆறு மரத்துக்கு மேல என்னால முடியல்ல. அங்க வச்சுத்தான் கடிச்சிருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா பாவி?"

"ஆஷா சேச்சிய டீச்சர் ஏசினத நான் கேட்டேம்லா" என்றாள். "எனக்குப் பேடியா இருந்துது."

எட்டு மாச வயிற்றோடு முள்வேலிக்குள் குனிந்து வர அவளுக்குப் பேடியில்லை. கொசுவுக்குப் பேடியில்லை. என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லத்தான் பேடி.

உள்ளே அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. "செத்த நேரம் பிடிச்சுக்கிடுங்க டீச்சரே" என்று குழந்தையை என் கையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.